பத்துக் கேள்வித் தேர்வில் எல்லாரும் பாஸ், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஆதாரம் எங்கே?

வைகைக்கரை நூலகர் (இழையைத் தொடங்கியவர்)

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். முதலாமாண்டுப் பிள்ளைகள் வந்ததும் செமினார் ஹாலில் ஒரு மணி நேர நூலக வகுப்பு நடக்கும். நூலகப் பட்டியலில் எப்படித் தேடுவது, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் கணக்கில் எப்படி நுழைவது, அடுத்தவர் எழுத்தைத் திருடினால் என்ன ஆகும் என்பதற்கு மேல் அந்த ஒரு மணி நேரத்தில் எதுவும் அடங்காது. முடிந்ததும் கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்வி. பெரும்பாலோர் எட்டு, ஒன்பது வாங்கிவிடுவார்கள். அந்த மார்க் பட்டியல், கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்கான ஃபைலுக்குப் போய்விடும்.

அதே பிள்ளைகள் மூன்றாமாண்டில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். 'கூகுள்', 'விக்கிபீடியா', 'இணையம்' என்று ஒற்றைச் சொல்லில் ஆதாரப் பட்டியல் இருக்கும். சிலவற்றில் நல்ல நூல்களின் பெயர்கள் இருக்கும், ஆனால் அவை எங்கள் நூலகத்திலும் இல்லை, இணையத்திலும் கிடைக்காது. எந்த வரி எங்கிருந்து வந்தது என்பதற்கு உள்ளே ஒரு தடயமும் இருக்காது. இந்தப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை. ஒரு விஷயத்தைத் தேடி, ஒப்பிட்டு, இதை நம்பலாம் இதை நம்ப வேண்டாம் என்று முடிவெடுக்கும் வேலையை மூன்று வருடத்தில் ஒருவரும் அவர்களிடம் கேட்டதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடி, ஒப்பிட்டு, முடிவெடுக்கும் இந்தத் திறனை, அதாவது தகவல் எழுத்தறிவை, தனித் தேர்வாக வைத்து அளப்பதில் பயன் இல்லை. பாட ஆசிரியர் கொடுக்கும் அசைன்மென்டுக்குள்ளேயே, தேடிய வழிக்கும் மார்க் இருக்க வேண்டும். அந்தப் பகுதியை நூலகரும் துறை ஆசிரியரும் சேர்ந்து திருத்த வேண்டும். உங்கள் கல்லூரியில் யாராவது இப்படிச் செய்கிறீர்களா? எப்படி மார்க் போடுகிறீர்கள்?

---

சேலம் கணினித்துறை

மேடம், இந்தப் பத்துக் கேள்வி முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிக்கல் தெளிவாகும்.

'தகவல் எழுத்தறிவு' என்ற பெயரை 1974இல் அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி பயன்படுத்தினார். அவர் பேசியது வேலை செய்யும் மக்களின் திறனைப் பற்றி. உயர்கல்வியில் அது ஒரு சட்டகமாக உட்கார்ந்தது 2000இல். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் அந்த ஆண்டு ஐந்து தரநிலைகளை வகுத்தது. எவ்வளவு தகவல் தேவை என்று தீர்மானிப்பது, தேடி எடுப்பது, மதிப்பிடுவது, ஒரு நோக்கத்துக்குப் பயன்படுத்துவது, சட்டமும் அறமும் அறிந்து கையாள்வது ஆகியவை அந்த ஐந்து. அவற்றின் கீழே 22 செயல்திறன் குறியீடுகள். இவ்வளவு நுணுக்கமாகப் பட்டியல் கையில் இருந்தால் கேள்வித்தாள் தயாரிப்பது சுலபம். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவான 'சேல்ஸ்' தேர்வு இந்தத் தரநிலைகளை வைத்து எழுதிய பல்விடைத் தேர்வுதான். நம் கூகுள் ஃபார்ம் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

அதே சங்கம் 2016 ஜனவரியில் புதிய சட்டகம் ஒன்றை ஏற்றுக்கொண்டு, ஜூனில் பழைய தரநிலைகளைத் திரும்பப் பெற்றுவிட்டது. புதியதில் பட்டியல் கிடையாது, ஆறு கருத்துகள் மட்டும். ஒருவரை நம்பலாமா என்பது சூழலைப் பொறுத்தது. ஒவ்வொரு தகவலும் ஏதோ ஒரு வழியில் உருவாகி வந்தது. தகவலுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆய்வு என்பது கேள்வியிலிருந்து கேள்விக்குப் போவது. ஆய்வுலகம் ஓயாத உரையாடல். தேடும்போது வழியை மாற்றிக்கொண்டே போக வேண்டும். இவற்றைச் சரி, தவறு கேள்வியாக மாற்றுவது மிகக் கடினம். 'பூலியன் தேடலில் அண்ட் என்ன செய்யும்?' என்று கேட்டுவிட்டால் போதாது. தேடுசொற்களை இணைக்கும் அந்தச் சொல்லை மாணவர் எப்போது போட்டார், ஏன் எடுத்தார் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 'நன்றாகத் தேடுவேன் என்று நினைக்கிறீர்களா?' என்று மாணவரிடமே கேட்டு நிரப்பும் படிவத்தை அளவீடாகச் சேர்க்காதீர்கள். புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மெலிசா கிராஸும் டான் லேதமும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். திறன் குறைந்த மாணவர்கள்தான் தங்கள் திறனை மிக அதிகமாக மதிப்பிட்டார்கள்.

---

இரண்டாம் ஷிப்ட்

எல்லாம் சரி. ஆனால் யதார்த்தத்தைப் பேசுவோம். கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். ஒரு வகுப்பில் 70 பேர், அப்படி மூன்று வகுப்பு. இன்டர்னலுக்கு 25 மார்க். அதில் தேர்வு, வருகைப் பதிவு, அசைன்மென்ட் எல்லாம் உண்டு. ஒவ்வொருவரும் தேடிய வழியை உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?

நியாயம் பற்றிய கேள்வியும் இருக்கிறது. பல்விடைத் தேர்வில் யார் திருத்தினாலும் ஒரே மார்க். "இவர் ஆதாரத்தை நன்றாக மதிப்பிட்டிருக்கிறார்" என்று நான் நான்கு மார்க் போட்டு, அடுத்த ஆசிரியர் இரண்டு போட்டால், பிள்ளைகள் வந்து கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட. இன்டர்னல் மார்க்கில் பாரபட்சம் என்ற குறை ஏற்கனவே உண்டு. அதை அதிகமாக்கும் எதையும் நான் எளிதில் ஏற்க மாட்டேன்.

---

தமிழ்த்துறை மலைக்கோட்டை

இரண்டாம் ஷிப்ட் நண்பரே, நியாயம் பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் நான் இரண்டாமாண்டு இளங்கலைத் தமிழுக்குக் கொடுக்கும் ஒரு வேலையைச் சொல்கிறேன்.

கேள்வி ஒரே வரிதான். "கீழடி 2600 ஆண்டுப் பழமையானது என்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது? கடைசி வரை போய்க் கண்டுபிடி."

பெரும்பாலோர் யூடியூப் காணொளியில் தொடங்குவார்கள். அதை நான் தடுப்பதில்லை. அங்கிருந்து செய்தித்தாள். செய்தித்தாளில் '2019 செப்டம்பர்' என்று இருக்கும். அந்த மாதம் என்ன நடந்தது என்று தேடினால் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை கிடைக்கும். அறிக்கையைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். 2018இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த ஆறு கரிம மாதிரிகளை அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவற்றில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குப் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்று காலக்கணிப்பு வந்தது. 200 சென்டிமீட்டரில் கிடைத்த இன்னொன்றுக்குப் பொ.ஆ.மு. 205. பிள்ளைகள் வகுப்பில் வந்து, "ஐயா, ஒரே குழிக்குள்ள ரெண்டு காலமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது. மண் அடுக்கு, ஆழம், மாதிரி என்று அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அதற்கு மேலும் போகிறவர்கள் உண்டு. முதல் மூன்று கட்டங்களைச் செய்தது இந்தியத் தொல்லியல் துறை. முதல் இரண்டுக்குத் தலைமை வகித்த அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் தன் அறிக்கையைக் கொடுத்தார். 2025 மே மாதம் அதைத் திருத்தித் தரும்படி துறை கேட்டது, அவர் மறுத்தார். "இரண்டு தரப்பும் எந்த ஆதாரத்தை வைத்துப் பேசுகின்றன?" என்று எழுதச் சொன்னால், சேலம் நண்பர் சொன்ன 'ஓயாத உரையாடல்' அவர்கள் கண் முன்னாலேயே நடக்கிறது.

இதில் பிள்ளைகளுக்குப் பெருமிதம் உண்டு, எனக்கும் உண்டு. அதனால்தான் இந்தத் தலைப்பையே வைத்தேன். நமக்குப் பிடித்த ஒரு செய்தியைச் சரிபார்க்கும் பழக்கம் வந்தால்தான் அது உண்மையான திறன். பிடிக்காததை யாரும் சந்தேகிப்பார்கள்.

மார்க் இப்படிப் போடுகிறேன். காணொளியோடு நின்றால் ஒன்று. செய்திக்கு வந்தால் இரண்டு. அறிக்கையை எடுத்துப் பக்க எண்ணோடு காட்டினால் மூன்று. அறிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்து எழுதினால் நான்கு. 'கீழடி முழுவதும் பொ.ஆ.மு. 580' என்று எழுதினால் நான்கு கிடையாது, ஏனென்றால் ஒரு மாதிரியின் காலத்தை ஊருக்கே போட்டுவிட்டார்கள். இரண்டாம் ஷிப்ட் நண்பரே, இந்த நான்கு படியை வைத்துக்கொண்டு யார் திருத்தினாலும் பெரிய வித்தியாசம் வராது.

---

ஆய்வு மாணவி (இயற்பியல்)

பி.எச்டி. பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். யு.ஜி.சி. 2019இல் 'ஆய்வு, வெளியீட்டு அறம்' என்ற இரண்டு கிரெடிட் கோர்ஸ் வொர்க்கைக் கட்டாயமாக்கியது. 30 மணி நேரம். போலி ஆய்விதழ், தரவுத்தளம், மேற்கோள் கணக்கு எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் நான் பார்த்த இடங்களில் அது ஸ்லைடு காட்டி, எழுத்துத் தேர்வு வைத்து முடிகிறது.

உண்மையில் ஸ்காலர்கள் மனதில் நிற்பது ஒரே ஒரு எண். 2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிமுறைப்படி அடுத்தவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவு ரத்து. விதி தேவைதான். ஆனால் அந்த எண்ணே பாடமாகிவிட்டது. மென்பொருளில் 18 வந்தால், வாக்கியத்தை மாற்றி எழுதித் தரும் கருவியில் போட்டு 9க்கு இறக்குகிறார்கள். கருத்து அடுத்தவருடையது, சொல் மட்டும் மாறியிருக்கிறது. மென்பொருள் பச்சை காட்டிவிடும். யாருடைய கருத்து இது, நான் எதைச் சேர்த்தேன் என்ற கேள்வியை அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

ஆய்விதழ் விஷயமும் இதே மாதிரிதான். ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலை 2018இல் அறிவித்தார்கள். அது இருந்தவரை "பட்டியலில் இருக்கிறதா?" என்பதுதான் கைடு கேட்கும் கேள்வி. 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. அந்தப் பட்டியலை நிறுத்திவிட்டது. இதழைத் தேர்ந்தெடுப்பது இனி நிறுவனத்தின் பொறுப்பு, ஆய்வாளரின் பொறுப்பு. சீனியர்கள் பலர் இப்போது கையைப் பிசைகிறார்கள். ஆசிரியர் குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்கள் உண்மையில் அங்கே இருக்கிறார்களா, மதிப்பாய்வு எத்தனை நாளில் முடிந்தது, பழைய கட்டுரைகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க யாரும் பழக்கவில்லை. கோர்ஸ் வொர்க் தேர்வில் கேட்க வேண்டியது இதைத்தான். ஸ்காலரின் மெயிலுக்கு வந்த இரண்டு அழைப்புகளைக் கையில் கொடுத்து, "எதற்கு அனுப்புவாய், ஏன்?" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம்.

---

லண்டன் நூலகர்

சகோதரி சொன்ன 'இரண்டைக் கையில் கொடுத்துக் கேள்' என்ற வழிக்கு நல்ல ஆய்வு ஆதரவே இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ருவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேர் பங்கேற்றார்கள். 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்ட் இளங்கலை மாணவர்கள். குழந்தை மருத்துவம் பற்றிய இரண்டு அமைப்புகளின் தளங்களைக் காட்டி, எதை நம்புவீர்கள் என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்கள் உள்ள அமைப்பு. மற்றது 2002இல் அதன் கொள்கையோடு முரண்பட்டுப் பிரிந்துபோன சிறிய குழு. இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், தளங்களும் பார்க்க ஒழுங்காக இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோர் சிறிய குழுவின் தளத்தைத்தான் நம்பினார்கள். பேராசிரியர்களில் பலரே தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் தளத்துக்குள் அதிக நேரம் நிற்கவில்லை. உடனே புதிய டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள்.

நாம் சொல்லித்தருவது இதற்கு நேர் எதிரானது. கலிஃபோர்னியாவின் சிகோ வளாகத்தில் 2004இல் உருவான ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இன்றும் உலகம் முழுக்க நூலக வகுப்புகளில் ஓடுகிறது. தேதி இருக்கிறதா, எழுதியவர் பெயர் இருக்கிறதா, நோக்கம் என்ன என்று அந்தத் தளத்தையே உற்றுப் பார்க்கச் சொல்லும் பட்டியல் அது. போலித் தளம் நடத்துகிறவர் இவை எல்லாவற்றையும் அழகாகப் போட்டுவைப்பார். மைக் கால்ஃபீல்ட் 2019இல் தந்த மாற்று நான்கு அசைவுதான்: நில், ஆதாரம் யார் என்று பார், வேறு நல்ல செய்தி தேடு, மூலத்துக்குப் போ. தமிழ்த்துறை ஐயாவின் கீழடி வேலை நான்காவது அசைவு.

வகுப்பில் 15 நிமிடம் இருந்தால் போதும். 'ஜன கண மனவை உலகின் சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ அறிவித்தது' என்ற பழைய வாட்ஸ்அப் செய்தியைக் கொடுங்கள். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. மாணவர் விடை சொல்வது முக்கியமில்லை. என்ன சொல்லைத் தட்டினார், எந்த முடிவைத் திறந்தார், எதைத் திறக்காமல் விட்டார் என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். அதைத் திருத்த ஒரு தாளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

---

யாழ். நூலக உதவியாளர்

லண்டன் நூலகர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் தமிழ் ஆதாரங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கட மாணவர்கள் ஊர் வரலாறு, கோயில், கூத்து பற்றி ஒப்படை செய்யிறார்கள். பக்கவாட்டில் வாசிக்க வேறு ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் செலவில் அச்சிட்ட சிறு மலர்தான் ஒரே ஆதாரமாக இருக்கும். சிலவேளை அது, ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் மின்வருடிப் போட்டிருப்பதால்தான் கிடைக்கும். 2005 தொடங்கி அவர்கள் சேர்த்துவைத்தவை இல்லையென்றால் அதுவும் இல்லை.

"மதிப்பாய்வு செய்த ஆய்விதழ் மட்டும்தான் ஆதாரம்" என்று ரூப்ரிக்கில், அதாவது புள்ளி போடும் அளவுகோலில், எழுதிவிட்டால் இந்த மாணவர்களுக்குப் புள்ளியே கிடைக்காது. அந்த ஆசிரியருக்கு இது எப்படித் தெரியும், அவர் கண்டவரா கேட்டவரா, ஊரில் இன்னும் இரண்டு பேர் என்ன சொல்லீனம் என்று மாணவர் விசாரித்து எழுதினால் அதற்கு முழுப் புள்ளி கொடுக்க வேண்டும். தமிழ்த்துறை சேர், உங்கட நான்கு படிகளில் இதற்கும் இடம் வையுங்கோ.

---

மூன்றாமாண்டு பி.காம்.

வணக்கம். மாணவனாக நானும் பேசலாம்தானே.

நான் பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்தேன். நூலக வகுப்பில் ஆயிரக்கணக்கான ஜர்னல் இலவசம் என்றார்கள். உள்ளே போனால் எல்லாம் ஆங்கிலம். சுருக்கத்தைப் படித்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. ஒன்றிய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்து அரசு நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 இதழ் திறந்திருக்கிறது என்று படித்தேன். எனக்கு ஒரே ஒரு கட்டுரையை எப்படிப் படிப்பது என்று யாராவது உட்கார்த்திவைத்துச் சொல்லித்தந்தால் போதும். எதை முதலில் படிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

அதனால்தான் நண்பர்கள் சாட்ஜிபிடியிடம் போகிறார்கள். தமிழில் கேட்டால் தமிழில் சொல்கிறது. ஆதாரப் பட்டியலும் தருகிறது. மேடம் சொன்ன 'எங்கும் கிடைக்காத நூல்' அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். அது பொய்யாக உருவாக்கும் என்று எங்களில் பலருக்கு இன்னும் தெரியாது.

---

சேலம் கணினித்துறை

தம்பி, நீ சொன்னது ரொம்ப முக்கியம். வக்கீல்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சாட்ஜிபிடி தந்த, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. அந்தக் கருவி அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதுவது. நூல் பெயர் போலத் தோன்றும் ஒன்றை அது எழுதிவிடும், அப்படி ஒரு நூல் இருக்கிறதா என்று எப்போதும் போய்ப் பார்ப்பதில்லை. என் வகுப்பில் அது தரும் பட்டியலையே கேள்வியாகக் கொடுக்கிறேன். "இந்தப் பட்டியலில் எவை உண்மையில் இருக்கின்றன? இருப்பவற்றில் அது சொன்ன கருத்து உள்ளே இருக்கிறதா?" இரண்டாவது கேள்விதான் கடினம். நூல் உண்மையாக இருக்கும், கருத்து அதில் இருக்காது.

---

வைகைக்கரை நூலகர்

எல்லாருக்கும் நன்றி. மார்க் விஷயத்தில் நான் இப்போது நினைப்பதைச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரி, பல்கலைக்கழகங்களின் சங்கம் 2009இல் வெளியிட்ட 'வேல்யூ' ரூப்ரிக்கில் தகவல் எழுத்தறிவுக்கு ஐந்து வரிசை, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலை இருக்கிறது. அதை அப்படியே எடுத்தால் நமக்குத் தாங்காது. இரண்டு வரிசை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று படுகிறது: மூலம் வரை போனாரா, நம்பியதற்குக் காரணம் சொன்னாரா. இரண்டாவதில் யாழ்ப்பாண நண்பர் சொன்ன ஊர் விசாரணையும் அடங்கிவிடும். 25இல் 5 மார்க். மாணவர் தருவது அரைப் பக்கத் தேடல் குறிப்பு, தமிழிலோ ஆங்கிலத்திலோ.

திருத்தும்போது நியாயம் வர ஒரு வழி இருக்கிறது. சிராகஸ் பல்கலைக்கழகத்தின் மேகன் ஓக்லீஃப் நடத்திய 'ரெய்ல்ஸ்' திட்டம் இதைத்தான் ஆராய்ந்தது: வெவ்வேறு ஆட்கள் ஒரே ரூப்ரிக்கை ஒரே மாதிரி பயன்படுத்த முடியுமா என்று. முன்கூட்டியே உட்கார்ந்து பேசிப் பழகாமல் அது நடக்காது. ஆகவே முதலில் சில தாள்களை ஆசிரியரும் நூலகரும் தனித்தனியே திருத்தி, எங்கே வேறுபட்டோம் என்று பேசிவிட்டு, அப்புறம் மீதியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மீதித் தாள்களில் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன். நூலகருக்கு மார்க் போடும் உரிமை இல்லை என்று சில கல்லூரிகளில் சொல்வார்கள். அப்படியானால் நான் பரிந்துரை எழுதுகிறேன், கையெழுத்து ஆசிரியர் போடட்டும்.

பி.காம். தம்பி, ஒரு கட்டுரையை எப்படிப் படிப்பது என்று நீ கேட்டதை முதலாமாண்டு வகுப்பிலேயே வைக்கப்போகிறேன். என்-லிஸ்ட் கணக்கைத் திறந்துகாட்டும் நேரத்தைக் குறைத்துவிட்டு, ஒரே கட்டுரையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துச் சேர்ந்து படிப்போம். அறுபது பேருக்கு மேல் ஒரு கூட்டத்தில் இருந்தால் இது நடக்காது, அதனால் துறைவாரியாகப் பிரித்துத் தரும்படி முதல்வரிடம் கேட்டிருக்கிறேன்.

---

இரண்டாம் ஷிப்ட்

5 மார்க், அரைப் பக்கம், தாளில் பாதி நூலகர் கையில் என்றால் ஒரு வகுப்புக்கு முயன்று பார்க்கிறேன். மூன்று வகுப்புக்கும் இப்போது முடியாது. மார்க் போட்ட காரணத்தை மாணவர் கேட்டால் காட்ட அந்த நான்கு படியும் அவர்கள் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழ்த்துறை ஐயா, பெயரை எடுத்துவிட்டுப் பழைய கீழடித் தாள்களில் ஒவ்வொரு படிக்கும் இரண்டிரண்டு அனுப்ப முடியுமா? நானும் எங்கள் நூலகரும் முதலில் அவற்றைத் திருத்திப் பழகுகிறோம்.

---

தமிழ்த்துறை மலைக்கோட்டை

தாராளமாக. பிள்ளைகளிடம் அனுமதி கேட்டுவிட்டு இந்த வாரத்துக்குள் ஏற்றிவிடுகிறேன். என் மார்க்கை மறைத்தே தருகிறேன். நீங்கள் போட்டது வந்த பிறகு இங்கேயே ஒப்பிட்டுப் பேசுவோம். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில்தான் வேறுபாடு வரும் என்று எதிர்பார்க்கிறேன்.